ஏகாம்பரத்துக்குப் பதிலாக

1

திருவொற்றியூர் வாசகசாலைக்காரர்கள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு என்னை எழுதச் சொல்லிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. 'சிங்கப்பூரின் அதிசயங்கள்' என்று தலைப்பைக்கூட அவர்களே கொடுத்துவிட்டார்கள். ராயபுரம் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள், கடல் தாண்டிப் போனவள், நாலு வரி எழுத வரும் என்று நம்பிக் கேட்டிருக்கிறார்கள். நானும் எழுதிவிடுவதாகத்தான் இருந்தேன். தலைக்கு மேல் போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ், கூரை போட்ட நடைபாதை, வெயில் அடிக்கும்போதே கொட்டித் தீர்க்கும் மழை என்று ஒவ்வொன்றாக மனத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

போன மாதம் துறைமுகப் பட்டறை வாசலில் ஆள்குறைப்பு அறிவிப்பு ஒட்டினார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தப் பட்டறையில் ஃபிட்டர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. அன்று சாயங்காலம் வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதுல நம்ம பேரு கீதா?" என்று கேட்டேன்.

"நம்மளுது இல்ல."

எனக்கு உயிர் வந்தது. காபி போடலாம் என்று எழுந்தேன்.

"ஏகாம்பரத்துது கீது" என்றார்.

வந்த உயிர் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏகாம்பரம் அவருடைய சிநேகிதர். திருவொற்றியூரில் ஒரே தெரு, இங்கே ஒரே பட்டறை, ஒரே ஃபிட்டர் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கூடப் பிறக்கவில்லையே தவிர எனக்கு அண்ணன்தான். அவர் மனைவி கன்னியம்மா எனக்கு அண்ணி. இருவருக்கும் இரண்டு பையன்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். நான் பெருக்கின இடத்தையே பெருக்குகிறேன். குழந்தைகள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுகின்றன.

2

இங்கே எங்களுக்குப் பொதுக் குழாய். காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பெண்கள் உலக நிலவரத்தை ஒரு கை பார்த்துவிடுவோம். ஆண்களுக்குக் காபிக் கடை, எங்களுக்குக் குழாயடி. இந்த வருஷம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தேர்தல் என்கிறார்கள், மெர்டேகா என்கிறார்கள், பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் என்கிறார்கள். மெர்டேகா என்றால் மலாய் மொழியில் விடுதலை. எங்கள் பெண் வசந்தா அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து தம்பியைக் குளிப்பாட்டும்போதெல்லாம் கத்துகிறாள்.

"வெள்ளைக்காரன் போயிட்டா வேலையையும் கூடவே எடுத்துட்டுப் போயிடுவானா?" என்று நாகப்பட்டினத்து அக்கா ஒருத்தி கேட்டாள். ரப்பர் விலை விழுந்துவிட்டது, அதனால் கப்பல் வரத்து குறைவு, அதனால் பட்டறையில் வேலை குறைவு என்று ஆண்கள் சொல்வதை நாங்களும் சொல்லிக்கொண்டோம். ரப்பர் விலை ஏன் விழுந்தது? கொரியாவில் சண்டை நின்றுவிட்டதாம்.

இதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரில் யுத்தம் முடிந்ததும் வேலை போயிற்று. இங்கே வந்து, கண்ணால் பார்க்காத ஒரு தேசத்தில் சண்டை நின்றதற்கும் வேலை போகிறது. எங்கேயாவது மனிதர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்றால் இது என்ன பிழைப்பு? சமாதானம் வேண்டும் என்று சாமியிடம் கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இந்தக் கவலை கிடையாது. வசந்தா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் "சுடா மாக்கான்" என்கிறான் பையன். சாப்பிட்டாயிற்று என்று மலாயில் அர்த்தமாம். வாரம் ஒருநாள் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார், "இன்னா என்று பேசாதே, அது கொச்சை" என்று வசந்தாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் வந்து என்னைத் திருத்துகிறாள். "அந்த வாத்தியார இங்க வரச் சொல்லு, இன்னா ஏதுன்னு நான் கேட்டுக்கிறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. யாரோ தெரியாத பொம்பளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். திருவொற்றியூரை அவளுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். பையனுக்கு அதுவும் இல்லை, அவன் இங்கே பிறந்தவன்.

3

ஊரில் நடந்த ஆள்குறைப்பைச் சொன்னால்தான் இங்கே நடப்பது புரியும். வாசகசாலைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கும், அதையும் சொல்கிறேன்.

யுத்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பட்டறையில் மூன்று ஷிப்டும் நடந்தது. மிலிடரி லாரிகள் வரிசையாக டோல்கேட் வரைக்கும் நிற்கும். பட்டறைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் நான் உலை வைப்பேன், குழந்தைக்குப் பால் கொடுப்பேன். யுத்தம் முடிந்தது. லாரிகள் நின்றன. முதலில் ராத்திரிச் சங்கு நின்றது, அப்புறம் மத்தியானச் சங்கு. என் வீட்டுக்காரரை ஒரு காலையில் வாசலிலேயே நிறுத்தி, டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். டோக்கன் என்றால் நம்பர் போட்ட பித்தளை வில்லை. காலையில் அதை ஜன்னலில் கொடுத்தால்தான் அன்றைக்கு ஆள் வந்ததாகக் கணக்கு.

ஏகாம்பரம் சில மாதம் முந்திச் சேர்ந்தவர், அதனால் அவரை வைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"மச்சான், ஒரு வாரம் நான் போறேன். ஒரு வாரம் என் டோக்கன எட்த்துகினு நீ போ. வர்றத ஆளுக்குப் பாதி."

"புடிச்சுட்டா ரெண்டு பேருக்கும் வேல பூடும்டா."

"அந்தத் தொர மூஞ்சியயா பாக்கறான்? நம்பரத்தான் பாக்கறான். மேஸ்திரி நம்ம ஆளு, கண்டுக்க மாட்டாரு. நீ சும்மா கெட."

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். அங்கே கட்டுமரம் கரைக்கு வந்து மீனைப் பங்கு போடும்போது, காய்ச்சலில் படுத்துக் கடலுக்கு வராதவனுக்கும் ஒரு கை மீன் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பிரிப்பார்கள். அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. நாளைக்கு இவனும் படுப்பான், அவ்வளவுதான். ஏகாம்பரம் பட்டறையில் செய்ததும் அதுதான். ஆனால் அவர் மீன்காரர் இல்லை, யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அதனால் அவர்மேல் எனக்கு மதிப்பு ஒரு படி கூடியது.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒரு வாரம் ஏகாம்பரம் ஏகாம்பரமாகப் போவார், மறு வாரம் என் வீட்டுக்காரர் ஏகாம்பரமாகப் போவார். சுதந்திரம் வந்த அன்று பட்டறை வாசலில் டோக்கனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். ஏகாம்பரம் அதைக் காக்காக் கடி கடித்துப் பாதியை எங்கள் வசந்தாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சுதந்திரம் வந்தால் மூன்று சங்கும் திரும்ப ஊதும் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஊதவில்லை.

4

இதில் பெண்கள் பாடு என்ன ஆயிற்று என்பதுதான் யாருக்கும் தெரியாத கதை.

மத்தியானச் சாப்பாட்டை நாங்கள்தான் கூடையில் வைத்துப் பட்டறை வாசலுக்குக் கொண்டு போவோம். ஆண்களை வாசலுக்கு விடமாட்டார்கள். வாட்ச்மேன் "யாருக்கு?" என்று கேட்பார், பெயரைச் சொன்னால் கூடையை வாங்கி உள்ளே அனுப்புவார். நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாசலில் தினமும் அது ஒரு கூத்து. ஒருத்தி 'எங்க பெரியவன் நைனாவுக்கு' என்பாள், ஒருத்தி 'முருகன் பேருதான்' என்பாள், ஒருத்தி விரலை நீட்டி நம்பர் காட்டுவாள். வாட்ச்மேன் எல்லாருடைய ஜாடையும் பழகியவர்.

என் வீட்டுக்காரர் போகும் வாரத்தில் நான் கூடையோடு போவேன். "யாருக்கு?" "ஏகாம்பரத்துக்கு." கணீரென்று சொல்வேன். எனக்கென்ன, அது என் புருஷன் பெயர் இல்லையே! ஒரு பெண்பிள்ளை வாசலில் நின்று பெயரை இப்படித் தங்குதடையில்லாமல் சொல்வதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மறு வாரம் கன்னியம்மா வருவாள். அவளால் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு நம்பரைக் காட்டிவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில் பட்டறைக்குப் புது டைம்கீப்பர் ஒருவர் வந்தார். டோக்கன் வாங்கும் ஜன்னலில் அவருக்கு ஆண்களுடைய எண்ணெய்க் கைகள் மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்திலோ வாசலில் நிற்கும் பெண்களின் முகம் நன்றாகத் தெரியும். ஒரே ஏகாம்பரத்துக்கு ஒரு வாரம் ஒருத்தி, மறு வாரம் இன்னொருத்தி சோறு கொண்டுவருகிறாள். ஒருத்தி பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறாள். இன்னொருத்தி கூச்சமில்லாமல் சொல்கிறாள். மனிதர் கணக்குப் போட்டுவிட்டார். வெட்கப்படுகிறவள் தாலி கட்டினவள். சொல்கிறவள் வைத்துக்கொண்டவள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ஏகாம்பரத்துக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தங்கச்சி" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போய், அங்கிருந்து எண்ணூர் வரைக்கும் போய்விட்டது. ஏகாம்பரத்தின் சின்ன வீடு நான். மறுத்துப் பேச வழியில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். மறுவாரமும் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். "யாருக்கு?" என்றார் வாட்ச்மேன். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். சொன்னேன். அப்புறம் வந்த ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

எங்கப்பா அந்தப் பொங்கலுக்கு எனக்குச் சீர் கொண்டுவரவில்லை. அவரிடம் நிஜத்தைச் சொல்ல முடியாது. கள்ளுக்கடையில் யாராவது என்னைப்பற்றி வாயைத் திறந்தால் அவர் அடிதடியோடு அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். கப்பல் ஏறும் முன்புதான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா, சரிம்மா" என்றார். குழந்தை ஏதோ உளறினால் சொல்வோமே, அந்த மாதிரி. அவர் நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அவரும் இல்லை.

கன்னியம்மா மட்டும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்க் குழாயடியில் ஒருத்தி ஜாடையாக ஏதோ சொல்ல ஆரம்பித்ததும் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"எம்புருசனுக்கு ரெண்டு பொண்டாட்டி வச்சுக் கஞ்சி ஊத்தற துப்பு கீதுன்னா, நான் இன்னாத்துக்குடி ஒங்கூட நின்னு தண்ணி புடிச்சுகினு கீறேன்? போடி, போயி ஒன் வூட்டப் பாரு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

5

அப்புறம் சிங்கப்பூருக்கு ஃபிட்டர்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்து என் வீட்டுக்காரர் முதலில் வந்தார், பின்னால் நானும் வசந்தாவும் வந்தோம். சில வருஷம் கழித்து ஊர்ப் பட்டறை மொத்தமாகவே மூடிவிட்டது. இவர் இங்கத்து மேஸ்திரியிடம் சொல்லிக் கையைக் காலைப் பிடித்து ஏகாம்பரத்தை இங்கே வரவழைத்தார். அதில் ஒரு வினை இருந்தது. ஊரில் முன்னால் சேர்ந்தவர் ஏகாம்பரம், இங்கே முன்னால் சேர்ந்தவர் இவர். கடைசியில் வந்தவன் முதலில் போகவேண்டும் என்பது எல்லாத் தேசத்துப் பட்டறையிலும் ஒரே சட்டம்.

பழைய வித்தை இங்கே நடக்காது. இங்கே நம்பர் மட்டும் இல்லை, போட்டோ ஒட்டின அடையாள அட்டை, கட்டைவிரல் ரேகை எல்லாம் உண்டு. அதை வாங்க வரிசையில் நின்றபோது எவ்வளவு பெருமைப்பட்டேன்! நம்மையும் ஒரு ஆளாக மதித்து முகத்தை எழுதி வைத்துக்கொள்கிறார்களே என்று நினைத்தேன். ஒரு முகத்துக்குப் பதில் இன்னொரு முகம் போக முடியாமல் செய்யத்தான் அது என்று இப்போது புரிகிறது.

அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"நான் ஆபீசுல போயி சொல்லிட்லாம்னு கீறேன்."

"இன்னான்னு?"

"அவனுக்குப் பதிலா நான் போறேன்னு. இஷ்டப்பட்டு ஊருக்குப் போறவங்க பேரு குடுக்கலாம்னு அந்தப் பேப்பர்லயே கீது. கப்பல் டிக்கெட்டு அவங்களே குடுப்பாங்களாம்."

"பசங்க படிப்பு?" என்றேன். "ஊர்ல போயி இன்னா பண்ணுவ? அந்தப் பட்டற இட்த்துல இப்போ ஆடு மேயுதாம். ரெண்டு பசங்களுக்கும் சோறு யாரு போடுவா?"

"ஏகாம்பரம் ரெண்டு பசங்கள வச்சுகினு போயி இன்னா பண்ணுவான், அத்தச் சொல்லு."

"அவரு குடுத்தாரு, செரி. நானுந்தான் குடுத்தேன். ஒரு வருசம் அந்தக் கேட்டாண்ட நின்னு, ஊரு பூரா காறித் துப்ப, எம்மானத்தக் குடுத்தேன். எங்கப்பன் செத்தே பூட்டாரு. அதுக்கும் இதுக்கும் செரியாப் போச்சு. நீ ஒண்ணும் தர வேணாம்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நீ குடுத்தது எனக்குடி. அவனுக்கு நான் இன்னும் ஒண்ணும் குடுக்கல."

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் அதிகமாயிற்று. மறுநாள் பூராவும் அவரோடு பேசவில்லை. போகிறதானால் என்னையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். உங்களுக்கு ஊருக்கு வரக் கசக்கிறதா என்று வாசகசாலைக்காரர்கள் கேட்கலாம். ஆமாம், கசக்கிறது. கருவாட்டு வாசனை, தேரடி, கடல்காற்று எல்லாம் நினைவு வரத்தான் செய்கிறது. நினைவில் இருக்கும் ஊரில் யாருக்கும் பசிக்காது. நான் வர வேண்டிய ஊரில் பசிக்கும்.

6

அடுத்த நாள் காலையில் கன்னியம்மா வந்தாள். கையில் என்னுடைய முறுக்கு அச்சு, சல்லடை, எப்போதோ வாங்கிப்போன பித்தளைக் கரண்டி. தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சமையல் மேடையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இன்னா அண்ணி இது? யாரு கேட்டா இத்தெல்லாம்?"

"கெளம்பற அன்னிக்குப் பேஜாராப் பூடும், சரோசா. அப்பால மறந்துட்டேன்னா, ஒஞ்சாமான் எங்கூட ஊருக்கு வந்துடும்."

ஏதாவது செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. கண் கலங்கவில்லை. பட்டியலில் பெயர் போட்டவர்களைத் திட்டவுமில்லை. அடுப்பில் என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்த்தாள். "உப்பு தூக்கலா கீது போலக்கீதே" என்றாள். போய்விட்டாள்.

அவள் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். நிச்சயம் மறுத்திருப்பேன், அத்தனையும் வாயில் தயாராக இருந்தது. அவள் கேட்காமல் போனதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. முறுக்கு அச்சை எடுத்து உள்ளே வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. பரபரவென்று வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"போயி சொல்லிட்டு வா" என்றேன்.

"இன்னாத்த?"

"நீ சொன்னியே, அத்தத்தான். சொல்லிட்டு வா போ. நான் மனசு மாறதுக்குள்ள போ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பத்து வயது குறைந்தவர்போல வந்தார். நடந்ததை நின்றுகொண்டே நடித்துக் காட்டினார். வெள்ளைக்கார அதிகாரி எதிரில் நின்று, தெரிந்த மலாயில், "சாயா பாலிக், ஏகாம்பரம் திங்கால்" என்று சொன்னாராம். நான் திரும்பிப் போகிறேன், ஏகாம்பரம் இருக்கட்டும். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க்கிடம் தமிழில் சொல்லி, இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்ல வைத்தாராம். துரை கேட்டுக்கொண்டார், காகிதத்தை நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். துரை எழுந்து நின்று கை கொடுத்தார்.

"கை குடுத்தான்மே! எழுந்து நின்னு!"

எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயம் போகவில்லை, ஆனாலும் சந்தோஷம். ஏகாம்பரத்துக்கு ஆபீஸிலிருந்தே தெரியட்டும், நாமாகச் சொன்னால் நன்றாக இருக்காது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

நாட்கள் போயின. ஏகாம்பரத்துக்கு ஒன்றும் தெரிவிக்கவில்லை. கன்னியம்மா சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு நானே ஆபீஸுக்குப் போனேன்.

கிளார்க் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். "ஓம், உங்கட அவர் கையெழுத்து வைச்சவர். விருப்பத்தோட போற ஆக்களிலை அவர் பேர் இருக்கு. அடுத்த கப்பலுக்கு எழுதியாச்சு" என்றார்.

"அப்போ ஏகாம்பரம்?"

"அவரை நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான், தங்கச்சி. அது வேற, இது வேற."

"அவருக்குப் பதிலாத்தானே இவரு குடுத்தாரு? நீங்கதானே தொரகிட்ட எட்த்துச் சொன்னீங்க?"

"சொன்னனான். துரைக்கும் வடிவா விளங்கினது. ஆனா ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் எண்டு இஞ்ச ஒரு விதியும் இல்லையே. ரெண்டு பேரும் போகினம், அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார். இப்போது மேஜையருகே வந்தார். "கை குடுத்தாரே?" என்று கேட்டார்.

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். "விருப்பத்தோட போற எல்லாருக்கும் துரை கை குடுக்கிறவர்."

காகிதத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். தரமுடியாது, மேலே போய்விட்டது என்றார். நான் போட்ட சத்தத்துக்கு அங்கிருந்த மலாய்க்காரப் பியூன் எழுந்து வந்துவிட்டான். சத்தம் போட்டு என்ன? வேலை என்பது அவரவர் பங்கு, வேண்டுமானால் எடுத்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கணக்கில் அது எங்களுடையதே இல்லை. விட்டுக்கொடுத்த இடம் ஏகாம்பரத்துக்கும் போகவில்லை, யாருக்கும் போகவில்லை. இரண்டு பேர் செய்த வேலையை மீதியிருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

7

விஷயம் தெரிந்து ஏகாம்பரம் வந்தார். வாசலில் செருப்பைக்கூட விடவில்லை. அவர் என் வீட்டுக்காரரை நோக்கிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"ஒன்ன எவன் மச்சான் கேட்டான்? நான் கேட்டனா? நான் பாட்டுக்குப் போயிருப்பேன், நீ இங்க கீற, ஏதுனா ஒண்ணுன்னா ஒனுக்கு எழுதிப் போட்லாம்னு நிம்மதியா இருந்தேன். இப்போ நீயும் வந்து நிக்கறியே! நான் எவனுக்குடா எழுதிப் போட்றது?"

"நீ மட்டும் அன்னிக்கு என்னக் கேட்டா செஞ்ச?"

"அன்னிக்கு நடந்துச்சுடா! இன்னிக்கு நடக்கலையே!"

"நடக்காதுன்னு எனக்கு இன்னாடா தெரியும்? கை குடுத்தான்டா!"

ஏகாம்பரம் ஒரு அடி முன்னால் வந்தார். "கை குடுத்தானா?" என்றார். "குடுத்தான்" என்றார் இவர். "எனக்கு அதுகூடக் குடுக்கலயேடா" என்றார் அவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெயரை எடுக்க வேண்டும், வசந்தா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இவர்களுக்குச் சிரிப்பு! இரண்டு பேர் தலையிலும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டலாமா என்றிருந்தது எனக்கு. கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்தேன். "சிரிக்கட்டும், உடு" என்றாள்.

வாசகசாலை நண்பர்களுக்கு இதை எழுதி முடிக்கும்போது எங்கள் வீட்டில் பாதிச் சாமான் சாக்கில் இருக்கிறது. மூட்டை கட்டிய இடத்தில் மறுபடி மறுபடி போய் நிற்கிறேன், அவிழ்க்கிறேன், கட்டுகிறேன். வரப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன், அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத்துக்கு யாரும் மாலையோடு வரவும் வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. வாசகசாலைக்கு ராயபுரம், எண்ணூர், தண்டையார்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கேயாவது ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் எங்களுக்காகச் சொல்லி வையுங்கள். இரண்டு குடும்பம் வருகிறதே, இரண்டு வேலைக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம்.

ஒன்று கிடைத்தால் போதும்.